வரவுத் தாளில் ஆறாவது பெயர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: ரீச்சர் மிஸஸ் லாவ், ரேமண்ட், விவியன், கென், கெவின், போ-யீ, நான். வேறு ஒருவரும் இல்லை. ரேமண்டின் மாமா கீழே காருக்குள் இருந்து சீனப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவரைச் சேர்ப்பதா விடுவதா என்று கொஞ்சநேரம் யோசித்தேன். மேலே வராத மனிசன், விட்டுவிட்டேன்.

முப்பது வருடத்துக்கு முந்தினதை இவ்வளவு சரியாகச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். வீட்டைப் பூட்டினேனா என்று பஸ்ஸால் இறங்கித் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். என் ஞாபகத்தை நானே நம்புவதில்லை. கையில் ஒரு தாள் இருப்பதால்தான் சொல்கிறேன்.

வருகிற வருடம் எனக்கு அறுபத்தைந்து. பென்சனுக்கு எழுதிப் போட வேண்டும், கனடாவுக்கு எப்போது வந்தேன், எப்போது நிரந்தரமானேன் என்பதற்கெல்லாம் அத்தாட்சி வேண்டும் என்று மகள் சொன்னாள். அவள் ஒன்லைனில் செய்து தருகிறேன் என்றாள். எனக்கு ஒன்லைனில் நம்பிக்கை இல்லை. பழைய கடதாசிகளைத் தூக்கிக்கொண்டு லைப்ரரிக்குக் கொப்பி எடுக்கப் போனேன். மெஷினுக்குள்ளிருந்து முதல் தாள் சூடாக வந்தது. அந்தச் சூடும், லேசாய்க் கருகின மாதிரி ஒரு மணமும். நான் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் வரிசையில் நின்ற பெண்பிள்ளை இரண்டடி தள்ளி நின்றாள்.

மிஸஸ் லாவின் அறை முழுக்க அந்த மணம்தான் இருக்கும். அதோடு கீழ்ப் பேக்கரியிலிருந்து ஏறி வருகிற பணிஸ் மணமும்.

ஸ்காபரோவில் ஒரு பழைய பிளாசா. கீழே சீனப் பேக்கரி, மீன்கடை. மேல்மாடியில் ஒரு கணக்காளர், ஒரு பல்வைத்தியர், நடைபாதை முடிகிற இடத்தில் மிஸஸ் லாவின் வகுப்பறை. சனிக்கிழமைகளில் மேல்மாடி முழுவதையும் துப்புரவு செய்கிற வேலை எனக்கு. வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஊரில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அப்பா பாயில் விழுந்ததும் வீட்டுக்கு ஆள் தேவைப்பட்டது, பிறகு ஒருவரும் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போ என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் வகுப்பறை என்றால் எனக்கு அந்த வயதிலும் ஒரு கூச்சம். அந்த அறையைக் கடைசியாகத்தான் கூட்டுவேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தால் குப்பைக்கூடையைச் சத்தமில்லாமல் எடுப்பேன்.

ஒருநாள் கூடையோடு நழுவுகிற என்னை ரீச்சர் மறித்தார். ஐம்பது வயது இருக்கும், ஹொங்கொங்கில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்க விட்டிருப்பார். "உங்களுக்குக் கன்ரோனீஸ் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது, மன்னிக்க வேண்டும் என்றேன். "மிக நல்லது" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். எனக்கு ஒன்று தெரியாது என்பதைக் கேட்டு மிக நல்லது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

விஷயம் இதுதான். அந்தப் பிள்ளைகள் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக்காரர். ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்கள். தகப்பன் அங்கே தொழில் பார்ப்பார், பிள்ளை இங்கே மாமாவோடோ அக்காவோடோ இருக்கும். ஒரு பந்தியை வாசித்துக் கீழே உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற இங்கிலிஷ் கிரகித்தல் பயிற்சியில் அவர்களுக்கு ஒரு தந்திரம் பழகியிருந்தது. கேள்வியில் உள்ள சொல் பந்தியில் எங்கே இருக்கிறது என்று தேடுவது, பக்கத்துச் சொல்லைப் பார்த்து ஏ, பீ, சீ, டீ ஒன்றைக் கறுப்பாக்குவது. பந்தி என்ன சொல்கிறது என்றே தெரியாமல் அரைவாசிக்கு மேல் சரியாக எடுப்பார்கள். இந்தத் தந்திரத்தை உடைக்க ரீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். பந்தியை வாசி, தாளைக் கவிழ்த்து வை, அதை வாசிக்காத ஒரு ஆளுக்கு இங்கிலிஷில் சொல். தங்களுக்குள் சொன்னால் இரண்டாம் வசனத்திலேயே கன்ரோனீஸுக்குத் தாவிவிடுவார்கள். அதற்குத்தான் நான். பிள்ளை சொல்லி முடித்ததும் ரீச்சர் கேள்விகளை என்னிடம் கேட்பார். நான் பிழையாகச் சொன்னால் பிள்ளை திரும்பவும் வாசிக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள், ஒரு பிள்ளையின் மதிப்பெண் என் தலையில். பயத்தில் பிள்ளைகளைக் கேள்வியால் துளைப்பேன். ஒரு பனிக்கரடி ஊர்க் குப்பைமேட்டுக்கு வந்து சாப்பிடுவதைப் பற்றி விவியன் சொன்னாள். பிறகு அந்தக் கரடிக்கு என்ன நடந்தது, பள்ளிக்கூடம் பக்கத்திலா, குட்டி இருந்ததா என்று கேட்டேன். விவியன் பாவம், ரீச்சரைப் பார்த்தாள். ரீச்சர் என்னிடம்தான் திரும்பினார். "அது பந்தியில் இருக்கிறதா?" இல்லை. "அப்படியென்றால் கரடியை விடுங்கள்."

பிள்ளைகள் என்னை அன்ரி என்றார்கள். எங்கள் பிள்ளைகள்தான் கண்டவரையெல்லாம் அன்ரி என்பார்கள் என்று நினைத்திருந்தேன், அவர்களுக்கும் அதே பழக்கம். நாங்கள் கதைத்த இங்கிலிஷை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். உள்ளபடி எழுதினால் அவர்களுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை.

இனி அன்றைக்கு வருகிறேன். என் கைப்பைக்குள் பதினெட்டு நாளாக ஒரு கடிதம் இருந்தது. என் கணவருக்கு முதலே நிரந்தரப் பேப்பர் கிடைத்துவிட்டது. நான் பிறகு தனியாக வந்து அகதிக் கேஸ் போட்டு, வென்று, நிரந்தரத்துக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தவள். குடிவரவிலிருந்து வந்த கடிதம். பிரித்தேன், கண் நேரே கடைசி வரிக்குப் போனது. தவறும் பட்சத்தில் உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அவ்வளவுதான், மடித்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து வாசிப்பேன். அடுத்த பக்கம் ஒன்று இணைத்திருந்தது, அதைத் திருப்பவே இல்லை. கணவர் ஒஷாவாவில் கார்ப் பாகத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே தங்கிச் சனி பின்னேரம்தான் வருவார். அவருக்குச் சொல்லவில்லை. லோயரிடம் கொண்டு போகலாம்தான், ஆனால் அவருக்கு மொழிபெயர்க்கிற அண்ணை எங்கள் கட்டடத்தில் ஆறாம் மாடி. விடிவதற்குள் லிஃப்ட் முழுக்கக் கதை வந்துவிடும். மனதுக்குள் நான் ஏற்கெனவே கொழும்பு விமான நிலையத்தில் இறங்கி நின்றேன்.

அன்றைக்கு ரேமண்டின் முறை. உறைந்த ஏரியைப் பற்றின பந்தி. ஐஸ் எத்தனை அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம், எத்தனை இருந்தால் வாகனம் போகலாம் என்று கையால் அளந்து காட்டிச் சொன்னான். நெட்டையான பொடியன், அந்த வருடம் சாதாரண இங்கிலிஷ் வகுப்புக்கு ஏற வேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டிருந்தான். ஆள் நடக்க எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று ரீச்சர் என்னிடம் கேட்டார். நடக்கக் கூடாது என்றேன். ரேமண்ட் திரும்ப வாசித்தான், திரும்பச் சொன்னான். வாகனத்துக்கு? தாண்டு தண்ணீருக்குள் போய்விடும் என்றேன். மூன்றாம் தரமும் வாசித்தான். மூன்றாம் தரமும் நான் என்னவோ சொன்னேன். கென்னும் கெவினும், அவர்கள் இரட்டையர், ஒரே மாதிரிக் குனிந்து சிரித்தார்கள். ரேமண்ட் சிரிக்கவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"அன்ரி, நீங்கள் இன்றைக்கு இங்கே இல்லை."

அவன் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணீர் வந்துவிட்டது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே கைப்பையைத் திறந்து கடிதத்தை ரீச்சரின் முன்னால் வைத்தேன்.

அவர் அதை விரித்தார், உடனே வாசிக்கவில்லை. "இதைப் பிள்ளைகள் வாசிக்கலாமா? வேண்டாம் என்றால் நான் மட்டும் வாசிக்கிறேன்" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்தப் பிள்ளைகள் என்ன கதைத்தாலும் அது எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் வராது என்பதுதான் அந்த நேரம் தோன்றியது. ரீச்சர் கறுப்பு மார்க்கரால் ஒரு துண்டுத் தாளைத் தீட்டி, என் பெயருக்கும் கோப்பு இலக்கத்துக்கும் மேலே வைத்து மறைத்துவிட்டுக் கொப்பி மெஷினில் போட்டார். ஆளுக்கொரு சூடான தாள். எனக்கும் ஒன்று.

வகுப்பு நடந்தது. வேறு எந்தப் பந்திக்கும் நடப்பதுபோலவே நடந்தது. என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கடிதம் பெற்றவரை 'இந்த ஆள்' என்றே சொன்னார்கள்.

எழுதினவரின் மனநிலை என்ன என்று ரீச்சர் கேட்டார். கெவின் கோபம் என்றான். கென் இல்லை என்றான். இதை எழுதினது ஆளே இல்லை, மெஷின், வெற்றிடத்தில் பெயரை மட்டும் போட்டிருக்கிறது, மெஷினுக்கு என்ன கோபம் என்றான். முக்கியக் கருத்தை ரேமண்ட் சொன்னான். இந்த ஆளின் மருத்துவப் பரிசோதனை பழசாகிவிட்டது, திரும்பவும் செய்ய வேண்டும், எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும்.

"ஊருக்குத் திருப்பி அனுப்புகிறது?" என்று நான் கேட்டேன்.

"அது பந்தியில் இருக்கிறதா?"

கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன். மொத்தம் எத்தனை வரி என்று ரீச்சர் கெவினிடம் கேட்டார். பதினொன்று. "பதினொன்றில் ஒன்று" என்றார் என்னைப் பார்த்து. "மற்றப் பத்தையும் எப்போது வாசித்தீர்கள்?"

விரலை முதல் வரியில் வைத்தேன். பதினெட்டு நாளுக்குப் பிறகு கீழே இருந்து பணிஸ் மணம் வருவது தெரிந்தது. பசித்தது.

அப்போதுதான் போ-யீ வாயைத் திறந்தாள். வந்து மூன்று மாதம். மற்றவர்களைப்போல ஒரு இங்கிலிஷ் பெயரைக்கூட இன்னும் தனக்குத் தெரிந்தெடுக்கவில்லை. வகுப்பில் அவள் குரலே கேட்டதில்லை. "இன்றைக்கு என்ன திகதி?" என்றாள்.

கடிதத்தின் தலையிலிருந்த திகதியைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். ஏழாம் வரியில் முப்பது நாளுக்குள் என்ற இடத்தில் இன்னொரு வட்டம். தபாலில் போன நாள்கள், என் கைப்பைக்குள் போன நாள்கள். சுவரில் தொங்கிய பேக்கரிக் கலண்டரில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். விரல் செவ்வாய்க்கிழமையில் நின்றது. இடையில் இருந்தது ஞாயிறும் திங்களும்தான்.

ரேமண்ட் தாளைப் பார்த்தபடியே, தன்பாட்டுக்கு, "இந்த ஆள் ஏன் இவ்வளவு நாளும் ஒன்றும் செய்யவில்லை?" என்றான். கேட்ட பிறகுதான் அந்த ஆள் எதிரே இருப்பது நினைவு வந்து காது சிவந்தான்.

"தனியாக வாசித்தார்" என்றாள் போ-யீ.

ரீச்சர் அவளுடைய தாளை இழுத்து, சரி என்று ஒரு அடையாளம் போட்டார்.

இரண்டாம் பக்கம் பரிசோதனை செய்யக்கூடிய டொக்டர்மாரின் பட்டியல். ரீச்சர் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். ரேமண்ட் எடுக்கட்டுமே என்றேன். "பந்தி உங்களுடையது" என்றார். நான் சொல்ல வேண்டியதைப் போ-யீ மூன்று வசனமாகப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். அப்போது பன்னிரண்டாக இன்னும் இருபது நிமிடம். மறுமுனையில் இருந்த பெண் பன்னிரண்டுக்குப் பூட்டுகிறோம் என்றாள். மூன்று வசனத்தையும் ஒரே மூச்சில் வாசித்தேன், இடையில் அவள் கேட்ட கேள்விக்கும் நிற்காமல். அவள் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை பத்து மணி, பெயரைச் சொல்லுங்கள் என்றாள். என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். ஐந்து பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், மறைத்த பெயர் தெரியாததுபோல.

வகுப்பு முடிவில் ரீச்சர் வரவு எடுத்தார். மிஞ்சின தாள்களின் பின்பக்கத்தில்தான் எப்போதும் எடுப்பார், புதுத் தாள் வீணாக்கமாட்டார். என்னுடைய கொப்பியையே திருப்பி ஐந்து பெயரை எழுதி, எதிரே காசு கட்டியாயிற்று என்று அடையாளமிட்டார். ஆறாவதாக என் பெயரை எழுதினார். எதிரே, பன்னிரண்டு டொலர் கட்டவில்லை. "மற்ற நாள்களில் கேட்டீர்கள். இன்றைக்குப் படித்தீர்கள். என் வகுப்பு இலவசம் இல்லை." நான் பேர்ஸைத் திறந்தேன். "இப்போது வேண்டாம். பேப்பர் வந்த பிறகு" என்று தாளை என்னிடமே தந்தார். மறக்காமல் இருக்கவாம்.

அன்று பின்னேரம் ஒஷாவாவிலிருந்து வந்தவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான்."

"நான் எப்ப பயந்தனான்? நீதான் எனக்கும் சேத்துப் பயப்பிடுறனி."

திங்கட்கிழமை லீவு போட்டு என்னோடு வந்தார். எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் வெளியே இருந்து என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. வீட்டில் நான் ஏதாவது கற்பனை பண்ணத் தொடங்கினால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அது பந்தியில இருக்கோ?" என்பார். இப்போது அதைக் கேட்க ஆளில்லை. நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகும் பேப்பர் வர ஒன்றரை வருடம் எடுத்தது. அதற்குள் துப்புரவுக் கொம்பனி என்னை ரெக்ஸ்டேலுக்கு மாற்றிவிட்டது. நகரத்தின் மற்ற அந்தம், இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும். பேப்பர் கைக்கு வந்த கிழமை, காசை ஒரு என்வலப்பில் போட்டு, ஒரு பெட்டி லட்டும் வாங்கிக்கொண்டு போனேன். கடைசி அறைக் கதவில் தொலைபேசி அட்டை விளம்பரம். கொப்பி மெஷின் நின்ற இடத்தில் மட்டும் கார்ப்பெட் நிறம் மாறாமல் சதுரமாக இருந்தது. பேக்கரிப் பெண்ணுக்கு ரீச்சரைத் தெரியும், போன இடம் தெரியாது. ஹொங்கொங்காக இருக்கலாம், வன்கூவராக இருக்கலாம் என்றாள். லட்டுப் பெட்டியை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் ரீச்சருக்கு ஏதும் நோய் வருத்தம் வந்திருக்குமோ, கடன் தலைக்கு மேல் போயிருக்குமோ, ரேமண்ட் வகுப்பு ஏறினானா, போ-யீ என்ன பெயர் எடுத்தாள் என்று தொடங்கினேன். இதெல்லாம் பந்தியில் இல்லை. கரடியை விட்டதுபோல விட்டேன். அவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள் என்பதும் பந்தியில் இல்லைதான். அதை மட்டும் களவாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பிளாசா இல்லை. பேக்கரி, மீன்கடை, பல்வைத்தியர் எல்லாம் போய், முப்பது மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. கடிதம் கடிதமாக வருவதும் குறைந்துவிட்டது. வந்தாலும் பிள்ளைகள் ஃபோனைக் காட்ட அது தமிழில் வாசித்துச் சொல்கிறது. நல்ல வசதி. ஆனால் சொல்லிவிட்டு, உனக்கு என்ன விளங்கியது என்று அது என்னைத் திருப்பிக் கேட்பதில்லை.

லைப்ரரியில் அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் கொப்பி எடுத்தேன். பெயர் மறைத்த முன்பக்கம் பென்சனுக்கு உதவாது, இருக்கட்டும் என்று எடுத்தேன். பின்பக்கம் எனக்கு. பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் மெஷின் அதைப் பிடித்துவிட்டது. ஐந்து பெயர், ஐந்து அடையாளம், ஆறாவதாக என் பெயர், எதிரே பன்னிரண்டு டொலர்.