வெளி உபயோகத்துக்கு மட்டும்

கண்ணாடிப் பலகையின் மேல் ஒரு சிட்டிகைக்கும் குறைவான வெள்ளைத் தூள், அதன் மேல் நாலு சொட்டுத் திரவம். தட்டைக் கத்தியைச் சாய்த்துப் பிடித்த வலது கை எட்டுப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது. இடது கை பலகையை நகரவிடாமல் அழுத்தியிருந்தது. தூள் கரைந்துவிட்டதுபோலத் தெரிந்த பிறகும் தேய்ப்பு நிற்கவில்லை. கத்தி முனை வெளிச்சத்துக்கு நேராக உயர்ந்தது. கரையாத ஒரே ஒரு மணி கண்ணில் பட்டது. மறுபடியும் தேய்ப்பு. பிறகு தூளின் அளவுக்கே க்ரீம் சேர்ந்தது, அதன் பிறகு அதில் இரண்டு மடங்கு. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டிக் கிளறினால் டியூபின் ஒரு முனையில் மருந்தும் மறுமுனையில் வெறும் க்ரீமுமாகப் போய்விடும்.

இன்று அந்தக் கை தேவைக்கு மேல் அழுத்தியது. கைக்குச் சொந்தக்காரி கொதித்துக்கொண்டிருந்தாள்.

சுல்மாரா பத்தொன்பது வயதில் இந்தக் கடைக்கு சீசா கழுவ வந்தவள். மீனாஸ் மாநிலத்தின் தெற்கில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரில், டாக்டர் எழுதும் அளவுக்குத் தகுந்தபடி மருந்தைக் கையால் கலந்து கொடுக்கும் கடை அது ஒன்றுதான். பட்டம் வாங்கிய முதலாளி முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். பின்கட்டில் தராசும் பலகையும் அவள் பொறுப்பு. பழைய மருந்து நூல்களை மதிய இடைவேளைகளில் படித்துப் படித்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஐம்பத்திரண்டு வயது. அவள் நிறுத்ததில் பிழை என்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை.

இன்று காலை ஒருத்தி வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கும் எரொந்தினா, புது மருந்துச் சீட்டு ஒன்றை நீட்டினாள். மனத்தை அமைதிப்படுத்தும் மாத்திரை.

“என்ன தோனா எரொந்தினா, தூக்கம் வரலையா?” பெண்களுக்கு ஊரில் போடும் ‘தோனா’ மரியாதையோடு கேட்டாள் சுல்மாரா.

“தூக்கத்துக்கு என்ன குறைச்சல்? டாக்டருதான் முழுங்கச் சொன்னாரு. போன தடவ நீ கலந்து கொடுத்த க்ரீம் எனக்குக் கேக்கல, சுல்மாரா. நாலு மாசம் ஒரு நாள் விடாமப் போட்டேன். போய்ச் சொன்னா, ‘அப்ப வறட்சி அங்க இல்லம்மா, உங்க மனசுல இருக்கு’ன்னுட்டாரு.”

கடையில் வேறு யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு எரொந்தினா குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணுக்குப் போனா மொளகாப் பொடி தூவுனாப்ல எரியுது. அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்கிறதில்ல. சைக்கிள்ல ஏறி உக்கார முடியல, தள்ளிக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். ‘சைக்கிளுக்குக் கால் வலியா’ன்னு பிள்ளைங்க கேலி பண்ணுதுங்க.”

“வீட்டுக்காரரு?”

“வால்தீர் சோபாவுல படுக்கிறாரு. தொட்டா கத்தி வச்சாப்ல இருக்கு. நான் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தத அவரு பாத்துட்டாரு. எனக்கு அவரு சலிச்சுப்போயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டாரு. முப்பத்தொரு வருஷம் ஒண்ணா இருந்தவங்க. இப்ப காப்பிக்குக் கூட எதிர்ல உக்கார மாட்டேங்கிறாரு. பொண்ணு வீட்டோட போயிடலாமான்னு இருக்கு.” மூக்கை உறிஞ்சினாள். “நாத்தனா சொன்னான்னு பார்பாத்திமாவ் பட்டைய வேகவச்சு, அந்தத் தண்ணியிலகூட உக்காந்து பாத்துட்டேன்.”

“அட கடவுளே! அது மாட்டுத்தோல் பதப்படுத்துற பட்டைங்க! இருக்கிற ஈரத்தையும் இழுத்துச் சுருக்கும். காஞ்ச எடத்த மேல மேல காய வச்சிருக்கீங்க.” சுல்மாராவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. “க்ரீம எப்படிப் போட்டீங்க?”

“போட்டிருக்கிறபடிதான்.”

பையிலிருந்து பழைய டியூபை எடுத்தாள் எரொந்தினா. கடைசிச் சொட்டுவரை பிதுக்கி, வால் முனையிலிருந்து ஒழுங்காகச் சுருட்டப்பட்டிருந்தது. லேபிளின் மேல் விரலை ஓட்டினாள். “வெளி உப-யோகத்துக்கு மட்டும். நான் நாலாங்கிளாஸோட நின்னவதான், ஆனா எழுத்துக் கூட்டிடுவேன். வெளியில மட்டும்தான் தடவுனேன். உள்ள ஒரு துளி போயிடக் கூடாதுன்னு துணி வச்சுத் தொடச்சுக்குவேன்.”

சுல்மாரா டியூபை வாங்கி அந்த வரியைத் தானும் படித்தாள்.

மருந்து கலக்கிறவர்களுக்கு உலகம் இரண்டு. வாய் வழியாக விழுங்குவது உள் உபயோகம். மற்ற எல்லாமே வெளி உபயோகம். காதில் விடுவதும் வெளி, கண்ணில் விடுவதும் வெளி. உடம்புக்குள் விரல் நீளம் போய்ச் சேர வேண்டிய க்ரீமும் வெளி. முப்பது வருஷங்களாக அந்த வரியைத் தட்டச்சில் தட்டி ஒட்டியவள் அவள்தான். அவளுக்கும் மாதவிடாய் நின்று, இதே க்ரீமை டாக்டர் சீட்டுடன் அவளும் போட்டுக்கொள்கிறாள். ஆனால் அவளுடையது லேபிள் இல்லாத டப்பா. லேபிளைப் படிக்க வேண்டிய தேவை அவளுக்கு வந்ததே இல்லை.

“குழல் எங்க?” என்றாள் மெதுவாக.

“எந்தக் குழல்?”

உள்ளே செலுத்தும் பிளாஸ்டிக் குழல்கள் கல்லாவுக்குக் கீழே பூட்டிய இழுப்பறையில் கிடந்தன. கேட்டால் கொடுப்பது முதலாளியின் ஏற்பாடு, பார்க்கிறவர்களுக்குக் கூச்சமாக இருக்குமாம். இப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாதவள் எப்படிக் கேட்பாள்?

“இத உள்ளதான் போடணும், தோனா எரொந்தினா. உள்பக்கத் தோலுதான் ஹார்மோன் குறைஞ்சு மெலிஞ்சு போயிருக்கு. நீங்க வாசல்ல தண்ணி தெளிச்சிருக்கீங்க, தோட்டம் உள்ள காயுது.”

எரொந்தினாவின் முகம் சிவந்தது. “நாலு மாசம்! நான் பைத்தியமோன்னு நெனச்சிட்டேன். எவ எழுதுனா இத?”

“நான்தான்.”

“அடிப்பாவி!”

“ஆமாம்,” என்றாள் சுல்மாரா.

டாக்டர் பரிசோதித்து, கர்ப்பப்பை வாய்ச் செல் சோதனையும் பார்த்து, க்ரீமுக்கு மூன்று டியூப் என்று எழுதிய பழைய சீட்டு இன்னும் செல்லுபடியாகும். “உக்காருங்க, இப்பவே கலந்து தர்றேன். அந்த மாத்திர எங்கயும் ஓடிப்போகாது. இத ஒழுங்காப் போட்டுட்டு, நடந்தத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் அவரு மனசப் பத்திப் பேசட்டும்.”

அப்படிக் கலந்த க்ரீம்தான் இப்போது டியூபில் ஏறியது. வாலை மடித்து இறுக்கிவிட்டு, லேபிளைத் தட்டி முதலாளி எவாரிஸ்துவின் மேஜையில் வைத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“யோனின்னு போட்டிருக்க.”

“அங்கதான மருந்து போகணும், முதலாளி?”

“என் கடை லேபிள்ல இந்த வார்த்த வேணாம். எதிர்லயே கோயில். பாதிரியார் இருமல் மருந்துக்கு வர்ற எடம்.”

“பாதிரியாரும் உலகத்துக்கு அந்த வழியாத்தான் வந்தாரு.”

“சுல்மாரா! எங்கப்பா காலத்துலேருந்து வெளி உபயோகம்தான்.”

“உங்கப்பா காலத்துலேருந்து எத்தன பொம்பளைங்க வெளியிலயே தடவிட்டு, ‘என் விதி’ன்னு வாய மூடிக்கிட்டாங்களோ, யாரு கண்டா? மூலத்துக்குக் கொடுக்கிறமே, அதுல ‘ஆசனவாய்க்குள் வைக்கவும்’னு கொட்ட எழுத்துல ஒரு வரி சேர்த்துப் போடுறோம். அத ஆம்பளைங்களும் வாங்குறாங்க, அதனால தெளிவா இருக்கணும். அப்படித்தான?”

எவாரிஸ்து பேனாவை உருட்டினார். “‘அந்தரங்க உபயோகம்’னு போடு. நாகரிகமா இருக்கும்.”

“அக்குளும் அந்தரங்கம்தான். அங்க தடவிட்டு வந்து நின்னா நீங்க பதில் சொல்றீங்களா?”

“நான் கையெழுத்துப் போடலேன்னா?”

சுல்மாரா கையுறைகளைக் கழற்றினாள். மேஜையில், லேபிளுக்குப் பக்கத்தில் வைத்தாள். “பலகையில அடுத்தது ஒரு குழந்தையோட மருந்து இருக்கு. நீங்களே தேய்ங்க. மணி விழாமப் பாத்துக்குங்க.”

அவர் கடைசியாகத் தேய்த்த க்ரீம் மணல்போல இருந்தது இருவருக்கும் தெரியும். எவாரிஸ்து கண்ணாடியை மறுபடி மாட்டினார். கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, அவளைப் பார்க்காமல் தள்ளினார்.

“இழுப்பறைச் சாவி,” என்றாள் அவள். அதையும் கொடுத்தார்.

கல்லாவுக்கு முன்னால் இப்போது இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சுல்மாரா குரலைத் தாழ்த்தவில்லை.

“இந்தக் கோடு வரைக்கும் க்ரீம ஏத்திக்குங்க. படுக்கப் போறப்ப, மல்லாக்கப் படுத்து முழங்கால மடிச்சு, வலிக்காம எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம் உள்ள விட்டு அமுக்குங்க. ரெண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள். மறுநாளே மாறிடாது, சில வாரம் பிடிக்கும். உள்ள சோப்பு போடாதீங்க. பட்டைய அடுப்புல போடுங்க. வால்தீர்கிட்ட விஷயத்தச் சொல்லுங்க, சேர்றப்ப தனியா வழவழப்பு ஜெல்லும் வேணும், அது மருந்து இல்ல, யாரும் வாங்கலாம். ரத்தம் பட்டாலோ, எரிச்சல் கூடுனாலோ நேரா டாக்டர்கிட்ட போங்க.”

வரிசையில் நின்ற ஒரு கிழவர் கூரையில் எதையோ ஆராயத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் நின்ற பெண் ஓரடி முன்னால் வந்தாள்.

“கொஞ்சம் மெதுவாச் சொல்லேன்,” என்று எரொந்தினா கிசுகிசுத்தாள்.

“மெதுவாச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. லேபிளப் படிங்க, நான் கேக்கணும்.”

எரொந்தினா டியூபுக்காகக் கையை நீட்டினாள். சுல்மாரா கொடுக்கவில்லை, எழுத்து அவள் பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்தாள்.

“யோ-னிக்-குள்...” கிழவரை ஒருமுறை பார்த்தாள். தாடையை நிமிர்த்திக்கொண்டாள். “யோனிக்குள் வைக்கவும். குழலால். இரவில்.”

“சரி,” என்று டியூபையும் குழலையும் சேர்த்து அவள் உள்ளங்கையில் வைத்தாள் சுல்மாரா.