உத்திரமேரூரில் ஒரு புழுவுக்காக வேண்டிக்கொண்டோம்

காலை ஆறே முக்காலுக்குக் காஞ்சிபுரத்தில் பேருந்து ஏறினேன். உத்திரமேரூர் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். விடுமுறைக்கு நாத்தனார் செல்வி வீட்டுக்குப் போயிருந்த என் பத்து வயது மகள் கயல், வயிற்றுவலியில் சுருண்டு கிடப்பதாகப் போன் வந்திருந்தது. ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது, தாங்காமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா, நீ எயுந்து நின்னா வண்டி பறக்குமா? குந்து," என்றார் நடத்துநர்.

விஷயத்தைச் சொன்னேன். மாகறலில் ஏறியவர்களை, "சட்டுனு ஏறுங்கப்பா, கொயந்தைக்கு முடியாம ஒரு அம்மா போய்க்கினு கீது," என்று விரட்டினார்.

எட்டு மணி. நாலைந்து கட்டில்கள் மட்டுமே உள்ள சின்ன மருத்துவமனை. கயலுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஸ்கேன் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறக் குழாய்க்குள் கயிறு போல ஒன்று நெளிந்தது!

"குடல்ல இருக்கிற புழு, பித்தக்குழாய்க்குள்ள ஏறிடுச்சு. வெளிய எடுக்கிற கருவி இங்க இல்ல. நாளைக்குள்ள தானா இறங்கணும். இல்லன்னா, நடுவுல காய்ச்சல் வந்தாலும், சென்னைக்கு அனுப்பிடுவேன்."

செல்வி பையிலிருந்து ஒரு சொம்பை எடுத்தாள். வேப்பங்கொழுந்துச் சாறு, பூச்சிக்கு அவர்கள் வீட்டில் அதுதான் மருந்து. என் கைப்பையிலும் பூச்சி மாத்திரை இருந்தது.

"ரெண்டுமே இப்ப வேணாம்! உள்ளயே செத்தா அங்கயே அடைச்சுக்கும். உயிரோட இருந்தாத்தான் திரும்பி வரும்," என்று டாக்டரம்மா தடுத்தார்.

"ஐயையோ அண்ணி, விடிஞ்சதிலேர்ந்து அத்த நாசமாப் போன்னு திட்டிக்கினு கீறேனே!" என்று செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். வலியிலும் கயல் சிரித்துவிட்டாள்.

அவளுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது, ஊசி மட்டும். மதியம் வலி வந்தபோதெல்லாம் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நான் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. எந்தச் சாமியிடமும் இதுவரை இப்படி வேண்டிக்கொண்டதில்லை: அந்தப் புழு நன்றாக இருக்கட்டும். மாலையில் வலி தணிந்தது.

"இன்னா, உங்க ஆளு கெளம்பிட்டாரா?" என்று பக்கத்துக் கட்டில் அம்மா புழுவை விசாரித்தார்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு மறுபடி ஸ்கேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். குழாய் காலி!

"எறங்கிடுச்சு!" டாக்டரம்மா குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "இனிமே மாத்திரை குடுக்கலாம்."

"நான்தான் குடுப்பேன்," என்று செல்வி முந்திக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் திரும்பும்போது அதே நடத்துநர். "இன்னா பாப்பா, எப்பிடி கீற?" என்றதுதான் தாமதம், மாகறல் வரைக்கும் கயல் தன் புழுக்கதையைச் சொல்லித் தீர்த்து, என் மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள். பாலாற்றுப் பாலத்தில் வண்டி மறுபடி ஊர்ந்தது. இம்முறை நான் எழுந்திருக்கவில்லை. கையைத்தான் அவள் வயிற்றிலிருந்து எடுக்க முடியவில்லை.