மூன்று பூட்டு போட்ட வீடு

எங்கள் பெரியப்பாவுக்குப் பட்டப்பெயர் ஆணி, சின்ன மாமாவுக்கு அரைத்தூக்கம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வைத்த பெயர் நிலைத்ததில்லை. ‘வாசப்படி’ என்ற பெயரை முதன்முதல் என் தம்பி வீட்டு மாடியேறும்போது கேட்டேன்.

“ஏய் வாசப்படி, நகருடி! அத்தை வர்றாங்க” என்று கத்தினான் தம்பி மகன்.

நகர்ந்தவள் அவன் தங்கை. பதினைந்து வயது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் வாசலிலேயே.

மூன்று வாரத்துக்கு முன் அவள் படித்த டியூஷன் அறையில் தீப்பிடித்தது. தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. கதவை உடைத்தபோது இவள் வெளியே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி வரவில்லை.

அதிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்காது. எழுவாள், கதவைத் தொடுவாள், உட்காருவாள், மறுபடி எழுவாள். பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. பெரிய பரீட்சைக்கு இரண்டே மாதம்.

என் தம்பி பூட்டு ரிப்பேர்காரன். எந்தப் பயத்துக்கும் அவனிடம் ஒரே மருந்துதான். வாசல் கதவில் மூன்று பூட்டு மாட்டினான்.

“யானை முட்டினாலும் அசையாது. தைரியமா இரு கண்ணு.”

அவள் மூன்றையும் பார்த்தாள். ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அதோடு பேச்சும் நின்றது.

“மனசு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ” என்றேன்.

“நாலு பேர் என்ன சொல்வாங்க அண்ணி?” என்றாள் தம்பி மனைவி.

“அந்த நாலு பேரா வந்து உன் பிள்ளையப் பாத்துக்கப் போறாங்க?”

கூட்டிப்போனோம்; தம்பியும் வந்தான். வீட்டில் எது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டார். அப்போதுதான் பெண் வாய் திறந்தாள்.

“அப்பா போட்ட பூட்டு. சாவி தேடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்.”

முப்பது வருஷம் அடுத்தவர் கதவைத் திறந்துவிட்டவன் தலை குனிந்தான்.

அன்று சாயங்காலமே ஸ்க்ரூடிரைவரை அவள் கையில் கொடுத்தான். “நீயே கழட்டும்மா.”

“திருடன் வந்தா?”

“வரட்டுமே. உங்கண்ணன் குறட்டையத் தவிர என்ன இருக்கு எடுத்துட்டுப் போக?”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மூன்றையும் அவளே கழற்றினாள். ஒரு விரலால் திறக்கும் கொண்டி மட்டும் மிஞ்சியது.

டாக்டரிடம் வாராவாரம் போனார்கள். பரீட்சைக்குக் கதவோர இடம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். முதல் நாள் இரண்டு தடவை எழுந்து வெளியே வந்து நடந்தாள். இரண்டு தடவையும் திரும்பிப் போய் எழுதினாள். கணக்கில் தவறி, அடுத்த முறை தேறினாள்.

இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. ஒரு பல் மருத்துவமனையில், கீழ்த்தளத்தில், கதவோர மேசையில் வேலை பார்க்கிறாள்.