மொட்டைக் கிளிக்கு ஒரு சட்டை

கீழ்வீட்டுக் கால்நடை டாக்டர் கொடுத்த அட்டைப்பெட்டியைத் திறந்ததும் தையல்காரம்மா அலறியேவிட்டாள். உள்ளே ஒரு கிளி. தலை மட்டும் பச்சை. கழுத்துக்குக் கீழே ஓர் இறகுகூட இல்லை. உரித்த கோழி எழுந்து உட்கார்ந்து முறைப்பதுபோல் இருந்தது.

"ஐயோ டாக்டர், இது என்ன கோலம்! யார் இப்படிப் பண்ணாங்க?"

"அதுவேதாம்மா. வளர்த்தவர் செத்துட்டார். துக்கத்துல ஒவ்வொண்ணா பிடுங்கிப் போட்டுடுச்சு. குளிர் தாங்காது. உங்க வீட்டுல நல்லா வெயில் வருது, நீங்க வெச்சுக்குங்க."

துக்கத்தில் ஒரு பறவை தன்னையே பிடுங்கிக்கொள்ளுமா! அவள் ஒருகாலத்தில் கல்யாணப் பெண்களுக்கு உடை தைத்து ஊரையே மூக்கில் விரல் வைக்கச் செய்தவள். கணவன் இறந்தபின், ஆஸ்பத்திரிக்கு விரிப்பு தைக்கும் பட்டறையில் சேர்ந்துவிட்டாள். நாலு ஓரமும் மடித்துத் தையல் அடித்தால் வேலை முடிந்தது. யோசிக்க வேண்டியதில்லை, அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

கிளி வெடவெடவென்று நடுங்கியது. பழைய காலுறையை வெட்டிப் போர்த்தினாள். அலகால் ஒரே இழுப்பு; தரையில் கிடந்தது. வெள்ளைத் துணிக்கும் அதே கதி.

"அடேங்கப்பா, துரைக்கு இதெல்லாம் பிடிக்காதோ?"

பழைய கல்யாணத் துணித் துண்டுகள் போட்டு அலமாரிமேல் வைத்திருந்த பெட்டியை இறக்கி, சிவப்புப் பட்டுத் துண்டில் இறக்கைக்கு வழி விட்டு, கழுத்தில் சுருக்கம் வைத்து ஒரு சட்டை தைத்தாள். மாட்டிவிட்டதும் கிளி நெஞ்சை நிமிர்த்தி மேஜையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடைபோட்டது. அவள் பிறகு விடவில்லை. பொத்தான் வைத்த கோட்டு, குட்டைப் பாவாடை, மழைக்கு ஒரு மேலங்கி.

ஒரு நாள் தங்கை போன் செய்தாள். பேச்சின் நடுவே சமையலறையிலிருந்து ஒரு வெடிச்சிரிப்பு.

"அக்கா, வீட்டுல யாரு?"

"யாருமில்லடி, கிளிதான்."

"விளையாடாத. அது உன் சிரிப்பு! மூக்கை உறிஞ்சி முடிப்பியே, அதேதான்!"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டதைத்தானே கிளி சொல்லும்? அதுவும் திரும்பத் திரும்பக் கேட்டால்தானே? அப்படியானால் இந்த வீட்டில் அவள் தினமும் சிரித்திருக்கிறாளா? அவளுக்கே தெரியாமலா? போனும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா? அழறியா?"

"தெரியலடி."

பட்டறைக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டிலேயே மெஷினைப் போட்டாள். அளவு கொடுக்க வந்த முதல் கல்யாணப் பெண், மேஜைமேல் பட்டுச்சட்டையில் உலாத்திய கிளியைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"ஆன்ட்டி, எனக்கும் இதே கழுத்து வெச்சுடுங்க."