எதிர்வீட்டுத் தொட்டித் தண்ணீர்

எதிர்வீட்டுக்காரியின் சிங்க்கில் மத்தியானப் பாத்திரம் சாயங்காலம் வரை கிடக்கும். கொடியிலிருந்து எடுத்த துணி சோபாவில் குவிந்திருக்கும். யாராவது வந்தால் அதை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு உட்காரச் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டு மீன் தொட்டியைப் பார்க்க வேண்டுமே! உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று விரலை விட்டுப் பார்க்கத் தோன்றும். அவ்வளவு தெளிவு. அதற்குள் இரண்டு தங்க மீன்கள், மினுமினுவென்று, வாலை ஆட்டிக்கொண்டு. எனக்கு எப்படி இருக்கும்? பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் கடைசி. வடக்கே, மராத்திக்காரர்கள் ஊரான போசரியில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு எங்களுக்கு. என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும் ஒரே கம்பெனி. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், அவள் கோயம்புத்தூர்ப் பக்கம். அந்தக் கட்டடத்தில் எங்கள் இரண்டு வீட்டை விட்டால் தமிழ் பேச ஆள் கிடையாது. பிடிக்கிறதோ இல்லையோ, பழகித்தான் ஆக வேண்டும்.

மீன்கூடப் போகட்டும். என் மகள் அங்கேயே கிடந்தாள், அதுதான் வயிற்றெரிச்சல். மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வாசலில் எறிந்துவிட்டு நேரே எதிர்வீடு. நான் தமிழில் ஒன்று கேட்டால் எனக்கு ஹிந்தியில் பதில் சொல்கிறவள், அங்கே போனதும் "ஏனுங்கத்தை, மீனுக்குப் பசிக்குதுங்களா?" என்று குழைவாள். அவளும் "வா கண்ணு, நீயே போடு" என்று தீனி டப்பாவைக் கையில் கொடுத்துவிடுவாள். விளக்கு வைத்த பிறகு நான் வாசலில் நின்று, "ஏட்டி, உனக்கு வீடு வாசல் கெடையாதா?" என்று கத்தினால்தான் வருவாள். வந்தும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

நமக்கும் ஒரு தொட்டி வேண்டும் என்று வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்தேன். அவர் டவுனுக்குப் போய் கேம்ப் பஜார் கடையில் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவள் தொட்டியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவளிடம் இரண்டு மீன், எனக்கு நான்கு. இருக்கட்டுமே!

நேற்றுப் பிடித்த தண்ணீரை எங்கள் வீட்டில் இன்றைக்குக் குடிக்க மாட்டோம். காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் பழையதைக் கொட்டி, குடத்தைப் புளி போட்டு விளக்கி, புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். நமக்கே அப்படி என்றால் மீனுக்குப் பழசை வைப்பதா? வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது தொட்டிக்கும் சேர்த்துத்தான் கழுவல். மீன்களை வாளியில் விட்டுவிட்டுத் தண்ணீர் மொத்தத்தையும் கொட்டுவேன். கூழாங்கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் காயப்போடுவேன். ஃபில்டர் பஞ்சை வெள்ளைவெளேரென்று ஆகும்வரை குழாயடியில் பிழிவேன். பிறகு குழாயில் வந்த கையோடு புதுத் தண்ணீர். குளோரின் வாடை குப்பென்று அடிக்கும். வாடை அடித்தால் சுத்தம் என்றுதானே அர்த்தம்?

இரண்டு நாளில் தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்துவிடும். இவ்வளவு கழுவியுமா, சனியன், என்று மறுபடியும் கழுவுவேன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மீன்கள் மிதந்தன. ஒவ்வொரு தடவையும் என் மகள் அழுதுகொண்டு எங்கே ஓடினாள் என்று நினைக்கிறீர்கள்? எதிர்வீட்டுக்குத்தான்.

"அக்கா, இத்தன கழுவாதீங்க" என்றாள் அவள். "முந்தின நாளே தண்ணிய வாளில புடிச்சு வெச்சு வாடை போக விட்ருவேன். கால் தொட்டி தண்ணி மட்டுந்தான் மாத்துவேன். பஞ்ச அந்தப் பழைய தொட்டித் தண்ணிலயே ஒரு முக்கு முக்குனாப் போதுமுங்க. அந்த அழுக்குலதானுங்க தண்ணியச் சுத்தம் பண்ற உசுரெல்லாம் இருக்குது."

சோம்பேறித்தனத்துக்கு என்ன ஒரு விளக்கம்! பாத்திரம் கழுவாததற்கும் இப்படி ஏதாவது வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் அவர்கள் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குக் கிளம்பினார்கள். சாவி கொடுக்க வந்தாள். கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிக் குனிந்து, சாவியை என் மகள் கையில் வைத்தாள். "தெனமும் ஒரு சிட்டிகை தீனி போடு கண்ணு." அப்புறம் என்னைப் பார்த்து, "அக்கா, தண்ணிய மட்டும் நீங்க தொட வேண்டாமுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவிவிட்டு என் தொட்டிக்கு வந்தேன். மிச்சமிருந்த ஒற்றை மீனைக் காணோம்.

"எங்கட்டி மீனு?"

"அங்க கொண்டுபோய் விட்டுட்டேன்."

"யாரைக் கேட்டு விட்ட?"

என் மகள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இங்க இருந்தா நீ கழுவிருவ. அதுவும் செத்துரும்."

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. போய் எடுத்து வருவோம் என்றால் சாவி மகள் கையில். என் தொட்டியை அதன்பிறகு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாதித் தண்ணீரோடு தூசி படிந்து கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மீனை விட்டுவைக்கக்கூட என் பிள்ளைக்கு என்மேல் நம்பிக்கை இல்லையே என்று அடுப்படியில் நின்று அழுதேன்.

ஊரிலிருந்து வந்தவளுக்கு அவள் தொட்டியில் மூன்று மீன்கள். "இங்கயே இருக்கட்டுமுங்கக்கா, எனக்கொண்ணும் கஷ்டமில்ல" என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம். என் மீனைக் குடு" என்றேன். மீனா முக்கியம்? அதுவும் அங்கே போய்விட்டால் என் மகள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். என் மகள் கையில் மீனோடு ஒரு பாத்திரம். எதிர்வீட்டுக்காரியின் ஒரு கையில் அவளுடைய தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர், ஒரு வாளி. இன்னொரு கையில் அவளுடைய ஃபில்டர் பஞ்சில் பாதியை வெட்டி எடுத்த துண்டு, பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று. அதை என் ஃபில்டரில் வைக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமைதோறும் கழுவி, தரையில் சோறு போட்டுச் சாப்பிடுகிற மாதிரி வைத்திருக்கிற என் வீட்டுக்குள் அவள் வீட்டு அழுக்கு! முடியாது என்று வாயெடுத்தேன். என் மகள் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் தலையாட்டும்வரை மீனைத் தொட்டியில் விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. வீடு கழுவியாயிற்று, குடம் விளக்கியாயிற்று. கை நமநம என்றது. தொட்டிப் பக்கம் போனேன். பின்னால் வந்து நின்றுகொண்டாள் என் மகள். நனைந்த துணியால் கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் தண்ணீர் தெளிந்தது. கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. லீவு முடிந்து ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் எதிர்வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் தொட்டிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

ஒரு சிட்டிகை தீனியைப் போட்டுவிட்டு, கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரி குரலையே அப்படியே உரித்து வைத்தமாதிரி, "சாப்புடு கண்ணு" என்றாள்.

என் வீட்டில், என் தொட்டியில், என் மகள் வாயில் அவள் பேச்சு. வயிறு எரியத்தான் எரிந்தது. இருந்துட்டுப் போகட்டும், என் வீட்டில்தானே உட்கார்ந்திருக்கிறாள் என்று, பாலை ஆற்றி எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.