செங்கோடன் விற்ற கிட்டார்

மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில் எங்கள் ஊர்ப்பக்கம் கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் செங்கோடன். மிளகு பறிக்கிறவன், மரவள்ளி போடுகிறவன், களை வெட்டுகிறவன். இவனுக்குக் கிட்டார் ஒரு கேடா என்று கேட்காதவர்கள் இல்லை. சேலத்தில் யாரோ பழசென்று தள்ளிவிட்டதை வாங்கிவந்து, செல்போனைப் பார்த்துப் பார்த்தே பழகினான். ரொம்ப நாள் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை, நான் அடுத்த காட்டுக்காரன், எனக்குத் தெரியாதா? அப்புறம் எப்படியோ கை படிந்துவிட்டது. வாசலூர்பட்டி ஏரிக்கரையில் படகுச் சவாரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட அவனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். தோளில் மாட்டும் பெல்ட் அறுந்ததும், மாட்டுக்குத் திரிப்பது போலக் கயிறு திரித்துக் கட்டிக்கொண்டான்.

போன வருடம் கதிரடிக்கும் மெஷினில் இடக்கை சிக்கி, நடுவிரலும் மோதிரவிரலும் போயின. கம்பியை அழுத்துகிற கை அதுதான். மிச்சமிருந்த விரல்களை வைத்து ஆன மட்டும் பார்த்தான், முடியவில்லை. கிட்டாரை மூலையில் சாத்திவிட்டான். ஊரில் ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொல்லியே அவனைக் கொன்றார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னான்.

"அதும்மேல ஆசையே உட்டுப்போச்சுங்க."

அவன் மனைவி கலைச்செல்வி அதை நம்பினாள். நம்பினால்தான் அவளால் அந்த வீட்டில் நிம்மதியாக நடமாட முடியும். மூலையில் கிடப்பதை விற்றுவிடலாம் என்று அவளே சொன்னாள். அவனும் தலையாட்டினான்.

வாங்க வந்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ் வனிதா. திண்டுக்கல்லிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர், சர்ச்சில் வாசிக்கிறவர். செங்கோடன் கைக்குக் கட்டு மாற்றியவரும் அவர்தான். அன்று நானும் அங்கே இருந்தேன். வனிதா மடியில் வைத்து மெல்லத் தட்டிப் பார்த்தபோது, செங்கோடன் காப்பிச் செடிகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். கொட்டிலுக்கு இன்னொரு மாடு வரவேண்டுமே என்று அவிழ்த்து வைத்துக்கொள்வோம். இனி மாடே வேண்டாம் என்று விடுகிறவர்கள்தான் கயிற்றோடு பிடித்துக் கொடுப்பார்கள். செங்கோடனின் அப்பா கடைசி ஜோடியைக் கயிற்றோடுதான் கொடுத்தார்.

விலை பேசி முடித்து, அவர் கீழே வைத்திருந்த கிட்டாரைத் தூக்கி வனிதாவிடம் நீட்டும்போது, செங்கோடனின் கை தன்பாட்டுக்குக் கயிற்றை அவிழ்த்தது. அவிழ்த்ததைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

வனிதாவுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. நின்று வாசிக்க அந்தக் கயிறும் வேண்டுமே அண்ணா என்று கேட்டார்.

செங்கோடன் தோளைத் தொட்டுப் பார்த்தான். கலைச்செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, ஆசை உட்டுப்போச்சுன்னீங்களே. அப்பக் குடுத்துப்போடுங்க" என்றாள்.

அவன் கொடுத்துவிட வேண்டும், இத்தனை நாள் தான் நம்பியது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவள் தவித்தது எனக்கே தெரிந்தது. செங்கோடன் கயிற்றை எடுத்து அந்த மூன்று விரல் கையால் நீட்டப் போனான். கை பாதியில் நின்றுவிட்டது.

"இல்லீங்க நர்சம்மா. கயித்தக் குடுக்கறதில்லீங்க."

விரல் போன அன்றைக்குக்கூட அழாதவன், எங்கள் எல்லோர் முன்னாலும் நின்று அழுதான்.

வனிதா கிட்டாரைத் திரும்ப வைக்கப் போனார். கலைச்செல்விதான் தடுத்து, கொண்டுபோய் வாசிக்கச் சொன்னாள். அவர் போன பிறகு, புருஷன் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். முன்பு விற்ற மாடுகளின் கயிறுகள் தொங்கும் இடத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்து அதில் மாட்டினாள்.

கயிறு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஆணியில் வேறு எதையும் மாட்ட அவள் விடுவதில்லை.