தலைவாழை இலையில் மோட்டார்

கர்ர்ர்... கர்ர்ர்... கடக்.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கூடவே மண்ணெண்ணெய் வாசனையும், தொட்டியில் விழும் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சியும்...

1991. பிள்ளைப்பாக்கத்தில், வயலுக்கு நடுவே ஒரு மோட்டார் கொட்டாய். ஒத்தை ரூம், ஒரு கயிற்றுக் கட்டில், வெளியே தொட்டி. எங்கள் தயாளனின் முப்பதாவது பிறந்தநாளை அங்கேதான் கொண்டாடினோம். இப்போது இதற்கு ஃபார்ம் ஸ்டே என்று பெயர் வைத்து ஆன்லைனில் புக் பண்ணச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது ஏகாம்பரத்தின் சித்தப்பா முனுசாமியின் கொட்டாய். "சித்தப்பா, சண்டே வர்றோம்" என்றான், முடிந்தது புக்கிங்.

நான், தயாளன், ஏகாம்பரம், மூன்று பேரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரே கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர்கள். அப்போது அந்தப் பக்கம் கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். லைனில் எது நின்றாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க ஓ.டி. அதனால் தயாளன் பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கினான்.

"இன்னிக்கி எவனும் ஸ்பேனரத் தொடக்கூடாது. மெஷின் பேச்சே வேணாம், இன்னா?"

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏகாம்பரம் என் காதைக் கடித்தான். "டேய், சித்தப்பா இன்னிக்கி இவனப் பாக்கத்தான் வர்றாரு. அவரு பொண்ணு கனகாவுக்குக் கேட்டுகினு கீறேன். இவன் கைல சொல்லிடாத, ஓடிப் பூடுவான்."

தயாளனுக்கு அதுவரை ஏழு இடம் தட்டிப் போயிருந்தது. மாப்பிள்ளை எப்போதும் ஷிஃப்டிலேயே கிடக்கிறார் என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

சித்தப்பா வந்தார். தயாளனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"வணக்கம் சித்தப்பா!"

ஏகாம்பரம் அவனைக் கிள்ளினான். "சித்தப்பான்னு கூப்புடாதடா. ஐயான்னு சொல்லு."

"ஏன்டா? உனுக்கு சித்தப்பான்னா எனுக்கும் சித்தப்பாதான?"

அப்படியென்றால் கனகா இவனுக்குத் தங்கச்சி. அதை எப்படி வாய் திறந்து சொல்வது...

"வூட்ல கோழி கொதிக்குது, எட்த்தாறேன்" என்று சித்தப்பா வாழை இலைகளைக் கட்டிலில் வைத்தார். "மோட்டார் ஓடட்டும். மூணு மணிக்கு கரண்டு பூடும். அதுக்குள்ள நாத்துக்குத் தண்ணி பாயணும்."

அவர் போனதும் தொட்டியில் குதித்தோம். கேக் வெட்டினோம். பிறகு மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

கர்ர்ர்... கடக்.

தயாளன் வாயில் கேக்கோடு சொன்னான். "பேரிங்கு."

"பின்னாடி பேரிங்கு" என்றான் ஏகாம்பரம்.

நானாவது தடுத்திருக்க வேண்டும். "கிரீஸ் இல்லாம காஞ்சி கீது" என்றேன்.

அவ்வளவுதான். தயாளன் மஞ்சப்பையைத் திறந்தான். துண்டு, சோப்பு, அதற்கடியில் முழு ஸ்பேனர் செட்! பிறந்தநாளுக்கு எவனாவது ஸ்பேனர் கொண்டு வருவானா? நான் கேட்கவில்லை. என் பையிலும் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

கழற்றிய பார்ட்ஸைச் சுத்தமான இடத்தில் வரிசையாக வைக்க வேண்டும், இது எங்கள் செக்‌ஷன் சட்டம். அங்கே சுத்தமாக இருந்தது வாழை இலை மட்டும்தான். உப்பு வைக்கும் இடத்தில் வாஷர், பொரியல் இடத்தில் நட்டு போல்ட்டு, சோறு விழ வேண்டிய இடத்தில் பேரிங்.

சித்தப்பா சோற்று வாளியும் குழம்புச் சட்டியுமாக வந்து நின்றார். இலையைப் பார்த்தார்.

"இன்னாபா... பந்திய ஆரம்பிச்சிட்டீங்க போலக்கீதே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்றுக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. மணி ஒன்றரை.

"ஒரு மணி நேரம் குடுங்க சித்தப்பா" என்றான் தயாளன். ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டான்.

ஸ்டவ்வுக்குக் கொண்டுபோன மண்ணெண்ணெயில் பேரிங்கைக் கழுவினோம். சித்தப்பாவே மாட்டு வண்டி அச்சுக்கு வைத்திருந்த கிரீஸ் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து தயாளனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. நாங்களும்தான்.

இரண்டரைக்கு எல்லாம் மாட்டி முடித்தோம். இலையில் ஒரே ஒரு போல்ட்டு மிச்சம் இருந்தது. தயாளன் சத்தமில்லாமல் அதை ஜோபியில் போட்டுக்கொண்டான். செத்தாலும் இதை வெளியே சொல்வதில்லை என்று மூன்று பேரும் கண்ணாலேயே சத்தியம் பண்ணினோம்.

தயாளன் சுவிட்சைப் போட்டான். தண்ணீர் கொட்டியது. மோட்டாரில் ஒரு முனகல்கூட இல்லை. எங்களுக்கு ஒரே பெருமை.

சித்தப்பாவின் முகம் மட்டும் தொங்கிப் போனது. "சத்தமே இல்லியேபா..."

"அதான் ரெடி பண்ணிட்டோமே!"

"அட, அந்தச் சத்தத்த வெச்சிதான்பா வூட்ல குந்திகினே மோட்டாருக்குக் கரண்டு வந்துச்சான்னு தெரிஞ்சிக்குவேன். இப்ப எப்டித் தெரிஞ்சிக்கறது?"

எட்டாவது இடமும் போச்சு என்று நினைத்தேன். தயாளன் தலையைச் சொறிந்தான். "வூட்டு வரைக்கும் ஒயர் இழுத்து ஒரு செவப்பு பல்பு போட்டுத் தர்றேன். கரண்டு வந்தா எரியும்."

அரை நாள் வேலை. அதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனான். ஓ.டி.யை விட்டுவிட்டுப் போனான்! மூன்றாவது வாரம் வந்து தரையைப் பார்த்துச் சொன்னான். "டேய்... அவர இனிமே மாமான்னுதான் கூப்புடணும் போலக்கீது."

இப்போது அந்த வயலில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கிணற்றை மூடிவிட்டார்கள். சித்தப்பாவும் இல்லை. அந்தப் பக்கம் போனால் மனசு கனத்துவிடுகிறது.

சில வருஷம் முன்னால் தயாளனின் அறுபதாவது பிறந்தநாள். பிள்ளைகள் ஒரகடம் தாண்டி ஒரு ரிசார்ட்டில் மர கேபின் புக் பண்ணி அவனையும் கனகாவையும் எங்களையும் கூட்டிப் போனார்கள். மெத்தை, ஏசி, சுவரளவு டிவி. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம்.

கர்ர்ர்... கடக்.

ஏசி. மூன்று கிழவர்களும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

கழற்றிப் பார்க்கட்டுமா என்று போனில் கேட்டதும் மேனேஜர் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "தயவுசெஞ்சி தொடாதீங்க சார், டெக்னீஷியன் நாளைக்கு வருவாரு." இப்போதெல்லாம் எதையும் நம்மைத் திறக்க விடுவதில்லை...

கனகா எழுந்து வெளியே போனாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். திரும்பி வந்தவள் கையில் ஸ்க்ரூ டிரைவர். புருஷனிடம் நீட்டினாள்.

"இந்த வாட்டியாவது ஒண்ணும் மிச்சம் வெக்காம மாட்டுங்க."

நானும் ஏகாம்பரமும் திரும்பித் தயாளனைப் பார்த்தோம். அவன் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.